இருபத்திரண்டாவது ஷட்டர்

மார்ச் 3

என் அருமை மருமகளுக்கு, மாமா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். உன் சுகத்தைப் போனில் கேட்கலாம் என்றால் ஐந்து மாதமாக என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். "பேச்சுல மாமாவை யாரும் ஜெயிக்க முடியாது. எழுதச் சொல்லும்மா. எழுத்துல புளுகினா கையில ஆதாரமாவது இருக்கும்" என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். சரி, எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நான் நின்றுவிட்டதில் நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். என் கையெழுத்தைப் பார்த்து அச்சடித்ததா என்று கேட்ட வாத்தியார் உண்டு.

விஷயம் பெரிது. உட்கார்ந்துகொண்டு படி. நம் கடைவீதிக்கு விடிவு வந்துவிட்டது. நகர மையங்களுக்கு மறுபடி உயிர் கொடுப்பதற்கு அரசாங்கம் ஒரு திட்டம் போட்டிருக்கிறது. தேர்வாகும் வீதிக்குப் புது நடைபாதை, வரிசையாக விளக்கு, பூட்டிக் கிடக்கும் கடைகளுக்குப் புது வியாபாரிகள். புறவழிச்சாலை மாலுக்கு எதிரே தூக்கிக்கொண்டு போனார்களே, அந்தப் பேருந்து நிறுத்தமும் திரும்ப நம் முனைக்கே வரும்.

வியாபாரிகள் சங்கச் செயலாளர் என்ற முறையில், என் செருப்புக் கடையைச் சாத்திவிட்டு மாநகராட்சி ஆணையரைப் போய்ப் பார்த்தேன். என்னைக் கண்டதும் மனிதர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா இந்த ஊர் எங்கேயோ போயிருக்கும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். அவர் கண்ணில்தான்.

பதினான்காம் தேதி வீதியைப் பார்வையிட ஒரு அதிகாரி வருகிறார். அதனால்தான் எழுதுகிறேன். ஜூனில் வந்து அம்மாவை உன்னோடு கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னாயாம். கொஞ்சம் பொறு. நாற்பது வருடம் தையல் மெஷின் மிதித்த காலை உன் ஏழாம் மாடி வீட்டில் கொண்டுபோய்ச் சும்மா தொங்கவிடாதே. இன்னும் ஆறே மாதத்தில் இந்த வீதியில் நடக்க இடம் இருக்காது.

உன் மாமா

மார்ச் 8

அன்புள்ள மாமாவுக்கு,

ஆணையர் எழுந்து நின்ற கதையை அம்மாவும் சொன்னாள். சாப்பிடப் போவதற்காக எழுந்தாராம். கூட வந்த பாத்திரக்கடைக்காரர் சொன்னது.

நான் ஏன் நம்பரைத் தடுத்தேன் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாதவர் போல எழுதுகிறீர்கள். அக்டோபரில் அம்மா கடைக்குப் பின்னால் இருக்கும் மாடிப்படியில் விழுந்து ஒன்றரை மணி நேரம் அப்படியே கிடந்தாள். கத்தியிருக்கிறாள். யாருக்குக் கேட்கும்? வலது பக்கம் மூடிய வங்கி, இடது பக்கம் மூடிய புத்தகக் கடை, எதிரே மூன்று பூட்டு. நீங்கள் தற்செயலாகப் போனதால் பார்த்தீர்கள். அதற்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

ஆனால் எனக்கு என்ன சொன்னீர்கள்? கதவை உடைத்ததாக. கதவு திறந்துதான் இருந்தது. அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதாக. வாடகைக் காரில் போனீர்கள். இதெல்லாம் போகட்டும், சிரித்துவிட்டுப் போகலாம். "சின்னச் சுளுக்கு, நீ வேலையைப் பாரு" என்றீர்களே, அது எலும்பு முறிவு. மூன்று நாள் கழித்து, அம்மா மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த மூன்று நாளும் நான் இங்கே சினிமா பார்த்தேன் மாமா.

அம்மாவின் கடைக்கு ஒப்பந்தம் ஜூன் முப்பதோடு முடிகிறது. புதுப்பிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். "மாமா ஏதோ செய்றான், பாப்போம்" என்கிறாள். வருடக்கணக்காக நீங்கள் ஏதோ செய்துகொண்டேதான் இருக்கிறீர்கள்.

ஒரு விஷயம். நான் வேலை பார்ப்பது நகர வளர்ச்சித் துறையில் என்பதை மறந்துவிட்டீர்கள் போல. இந்தத் திட்டத்தின் கோப்பு என் மேஜைக்கு வராது, பக்கத்து மேஜைக்கு வரும். எந்த மாதிரி வீதிக்குக் கொடுக்கிறார்கள் என்ற விதியை வாங்கிப் படித்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை எதையும் செய்யாதீர்கள். வீதி எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். தயவுசெய்து.

மார்ச் 15

என் மருமகளுக்கு,

வெற்றி! இதைச் சிவப்பு மையில் எழுத வேண்டும், பேனாதான் கிடைக்கவில்லை.

உன் கடிதம் பன்னிரண்டாம் தேதியே வந்தது. எதையும் செய்யாதே என்று எழுதியிருந்தாய். நீ கோப்பைப் பார்க்கிறவள், நான் களத்தில் நிற்கிறவன். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டைப் பெருக்காமல் இருப்போமா? அதிகாரி வரும்போது வீதியில் பாதி ஷட்டர் துருப்பிடித்துத் தொங்கினால் "இது சுடுகாடு" என்று எழுதிக்கொண்டு போகமாட்டானா?

இரண்டே நாள். மூடிய கடைக்காரர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துச் சாவி வாங்கினேன். ஒருவர் மகள் வீட்டில், ஒருவர் மாலில் காவலாளி வேலையில். வங்கிக் கட்டடத்தின் முகப்பில் பாத்திரக்கடைக்காரரின் அண்டா குண்டாவை எல்லாம் அடுக்கினோம். வெயில் பட்டதும் தங்கமாளிகை மாதிரி ஆகிவிட்டது. புத்தகக் கடையில் உன் அம்மாவின் பொம்மைகள் இரண்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு. "தலையில்லாத பொம்மையை எதுக்குடா புத்தகக் கடைல நிறுத்துற?" என்று அக்கா கேட்டாள். "படிக்கிறவனுக்கு மட்டும் தலை இருக்கா?" என்றேன். வீதியே சிரித்தது.

நம் சங்கத் தலைவரைத் தெரியுமில்லையா, பதவியை விடமாட்டேன் என்று இருபது வருடமாக உட்கார்ந்திருப்பதால் எல்லோரும் 'நாற்காலி' என்போமே, அவர்கூட எழுந்து நின்று பழைய பேக்கரியின் கல்லாவில் வியாபாரி மாதிரி போஸ் கொடுத்தார். சொந்தக்காரர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள் என்று ஐந்நூறு பேரைப் பை தூக்கிக்கொண்டு நடக்க வைத்தேன். (ஐம்பது என்று உன் அம்மா சொல்வாள். அவளுக்குக் கண் பார்வை மங்கல்.)

அதிகாரி கையில் குறிப்பேடு. முனையிலிருந்து முனை வரை நடந்தார். நாற்பத்து மூன்று கடையையும் எண்ணினார். கடைசியில் என்னிடம் வந்து, "ஆச்சரியமா இருக்கு. ஒரு கடைகூட மூடல" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். கை குலுக்கிவிட்டுப் போனார்.

இனி நீ அம்மாவுக்கு ரயில் டிக்கெட் தேட வேண்டாம்.

உன் மாமா, செயலாளர்

ஏப்ரல் 2

மாமா,

வெற்றிச் செய்தி என் பக்கத்து மேஜைக்கு வந்து சேர்ந்தது. நானே வாங்கிப் படித்தேன். அதிகாரி எழுதியதை அப்படியே தருகிறேன்: "மூடிய கடைகள் எதுவும் இல்லை. மக்கள் நடமாட்டம் மிக அதிகம். இவ்வீதிக்கு உதவி தேவையில்லை. பட்டியலிலிருந்து நீக்கலாம்."

நீக்கிவிட்டார்கள்.

விதி இதுதான்: ஒரு வீதியில் பாதிக்கு மேல் கடைகள் மூடிக்கிடந்தால்தான் அந்த வீதிக்குத் திட்டம். செத்துக்கொண்டிருக்கும் வீதிக்குத்தான் மருந்து. நீங்கள் நோயாளிக்குப் பவுடர் பூசி, புதுச்சட்டை மாட்டி, டாக்டர் முன்னால் நடனம் ஆட விட்டிருக்கிறீர்கள். "எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும்" என்று எழுதினேன். தமிழில்தான் எழுதினேன்.

உங்கள் மேல் எனக்கு வரும் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அலுவலகத்தில் என்னைப் பார்த்து, "உங்க ஊர் ரொம்ப செழிப்பு போல" என்கிறார்கள். சிரிக்கிறேன். வேறென்ன செய்ய?

ஒரே ஒரு வழி இருக்கிறது. மேல்முறையீடு. ஏப்ரல் முப்பதுக்குள் சங்கம் எழுதித் தர வேண்டும். அன்று திறந்து காட்டியது உண்மையல்ல என்று ஒப்புக்கொண்டு, எந்தக் கடை மூடியிருக்கிறது, எது நடக்கிறது என்று நாற்பத்து மூன்றுக்கும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே உரிமையாளர் கையெழுத்து வேண்டும். அலங்காரம் வேண்டாம். ஆணையர் கண்ணீர் வேண்டாம். எண்ணிக்கை மட்டும்.

இதைச் செய்வீர்கள் என்று நான் நம்பவில்லை. செய்யச் சொல்லி எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஏப்ரல் 12

மருமகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. இப்படி ஒரு தலைகீழான விதியை எவன் எழுதினான்? நன்றாக இருக்கிறவனுக்குக் கொடுக்கமாட்டேன் என்றால் யார்தான் நன்றாக இருக்கப் பாடுபடுவான்? இதை நேரில் வந்து மந்திரியிடமே கேட்டிருப்பேன். வேட்டி துவைக்கப் போட்டிருக்கிறது.

சங்கக் கூட்டம் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். உடனே எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள்.

"நீதானய்யா தொறக்க வெச்சே? இப்ப நீயே மூடிக் கெடக்குன்னு கையெழுத்துப் போடுன்னா எப்படி?" என்றார் நாற்காலி.

"என் கடை ஓடலைன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? நாளைக்கு எவன் எனக்குச் சரக்கு தருவான்?" என்றார் பாத்திரக்கடைக்காரர்.

பேக்கரிக்காரர் கடையை மூடி நாலு வருடம் ஆகிறது. அவரும், "நான் மூடல. தற்காலிகமா நிறுத்தி வெச்சிருக்கேன்" என்கிறார். "அடுப்பு எங்கே?" என்று கேட்டேன். "வித்துட்டேன்." "அப்ப மூடியாச்சு." "இல்ல, நிறுத்தி வெச்சிருக்கேன்." இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கடைசியில் உன் அம்மா எழுந்தாள், கைத்தடியை ஊன்றிக்கொண்டு. "வாரத்துக்கு ஆறு உருப்படி தைக்கிறேன். அதுல ரெண்டு என்னோடதே. என் கடை தொறந்திருக்கு, அவ்வளவுதான். எழுதிக்கோ" என்று சொல்லி முதல் கையெழுத்தைப் போட்டாள். பிறகு என்னைப் பார்த்து ஒன்று சொன்னாள். அதை இங்கே எழுதத் தேவையில்லை. எல்லோரும் கேட்டுவிட்டார்கள், அது போதும்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். இதை நான் ஜோடிக்கவில்லை. பேக்கரிக்காரர் கடைசியாக வந்து, "நிறுத்தி வைக்கப்பட்டது" என்று எழுதி, அப்புறம் அவரே அடித்துவிட்டு "மூடியது" என்று எழுதினார்.

மூடியது இருபத்தொன்று. நடப்பது இருபத்திரண்டு. பட்டியல் இத்துடன் நகல். சரியா என்று பார்த்துச் சொல். அசலை அப்புறம் அனுப்புகிறேன்.

மாமா

ஏப்ரல் 19

அன்புள்ள மாமாவுக்கு,

பட்டியலைப் பார்த்தேன். இவ்வளவு சுத்தமாக நீங்கள் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா உங்களைப் பார்த்துச் சொன்னது என்ன என்று அவளிடமே கேட்டேன். "மத்தவன் கடையைச் சொல்றியே, உன் கடைல மேல் ரெண்டு தட்டுல இருக்கிற செருப்புப் பெட்டியெல்லாம் காலின்னு சொல்லேன்டா" என்றாளாம். எத்தனை நாளாகத் தெரியும் என்றேன். "தூசி தட்ட எடுத்தா எடை தெரியாதா? மூணு வருஷமா தெரியும்" என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அவன் அதை எவ்வளவு அழகா அடுக்கி வெச்சிருக்கான் தெரியுமா" என்கிறாள். உங்கள் அக்காவை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

இப்போது கெட்ட செய்தி. நாற்பத்து மூன்றில் இருபத்தொன்று பாதி இல்லை. பாதிக்கு மேல் என்றால் இருபத்திரண்டு வேண்டும். ஒன்று குறைகிறது. பக்கத்து மேஜைக்காரரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "விதின்னா விதி" என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

ஒரு கடையைப் பொய்யாக மூடவும் முடியாது. மாநகராட்சியில் கடை உரிமத்தைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கினால்தான் மூடியதாக எடுத்துக்கொள்வார்கள். திரும்ப வாங்க வேண்டுமென்றால் திட்டம் முடிந்த பிறகு புது ஆட்களோடு சேர்ந்து குலுக்கலில் நிற்க வேண்டும். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

என் யோசனையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இதில் ஆதாயம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. அம்மா எப்படியும் ஜூனில் கடையை விடத்தான் போகிறாள். இப்போதே விடட்டும். இருபத்திரண்டு ஆகிவிடும். உங்களுக்கு வீதி கிடைக்கும், எனக்கு அம்மா கிடைப்பாள். நீங்கள் சொன்னால் கேட்பாள். நான் சொன்னால் போனை வைத்துவிடுகிறாள்.

யாருக்கும் நஷ்டமில்லாத ஒரே வழி இதுதான் மாமா.

ஏப்ரல் 24

மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல மூன்று தடவை போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிவிட்டேன்.

அசல் பட்டியல் முப்பதுக்குள் வந்து சேரும். இருபத்திரண்டு இருக்கும்.

மாமா

மே 4

மாமா,

அசல் பட்டியல் வந்தது. மூடிய கடைகள் இருபத்திரண்டு. முப்பத்தொன்றாம் எண் தையல் கடை, "நடக்கிறது." பதினேழாம் எண் செருப்புக் கடை, "மூடியது. உரிமம் திருப்பிக் கொடுக்கப்பட்டது." எதிரே உங்கள் கையெழுத்து. அச்சடித்த மாதிரிதான் இருக்கிறது.

என்ன செய்திருக்கிறீர்கள்?

நான் உங்களிடம் கேட்டது இதையல்ல. உங்களுக்கு அந்தக் கடையை விட்டால் வேறு என்ன இருக்கிறது? காலையில் எழுந்து எங்கே போவீர்கள்? யாரிடம் பேசுவீர்கள்? அம்மாவுக்குப் போன் செய்தேன். "எனக்கும் நேத்துதான் தெரியும். ரசீதை மெஷின் மேல வெச்சுட்டு, நூல் கண்டு எங்கேன்னு கேக்குறான்" என்றாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

எனக்குக் கோபமாக இருக்கிறது. அம்மாவை அங்கேயே இருக்கவைக்க நீங்கள் இதைச் செய்துவிட்டீர்கள், நான் எதுவும் சொல்ல முடியாதபடி செய்துவிட்டீர்கள். புளுகினால் திட்டலாம். இதற்கு என்ன சொல்லித் திட்டுவது?

பத்தாம் தேதி அதே அதிகாரி மறுபடி வருகிறார். யாரையும் நடக்க வைக்காதீர்கள். உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். கூப்பிடுங்கள்.

மே 11

என் அருமை மருமகளுக்கு,

கூப்பிடலாம்தான். ஆனால் எழுதிப் பழகிவிட்டது. எழுதும்போது நடுவில் யாரும் "ஐம்பது பேர்தான்" என்று சொல்வதில்லை.

முதலில் உன் கேள்விக்குப் பதில். காலையில் எழுந்து அக்கா கடைக்குப் போகிறேன். அவளுக்கு ஊசியில் நூல் கோர்க்கக் கண் தெரியவில்லை, எனக்குத் தெரிகிறது. ஒரு நாளைக்கு நூறு ஊசி கோர்க்கிறேன். சரி, எட்டு. கடையைச் சாத்திவிட்டு அவள் மாடி ஏறும்போது நான் பின்னால் ஏறுகிறேன். அங்கேயே ஒரு கட்டில் போட்டுக்கொண்டேன். ஆகவே இனி அவள் கூப்பிட்டால் கேட்க ஆள் இருக்கிறது. ஜூனில் நீ வா, பார். பார்த்த பிறகும் கூட்டிப் போகத்தான் வேண்டுமென்றால் பெட்டியை நானே தூக்குகிறேன்.

கடையை ஏன் விட்டேன் என்று பெரிய காரணம் ஏதாவது எழுதலாம் என்று நேற்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். தோன்றவில்லை. நடக்கிற கடை எது, நடக்காதது எது என்று எழுதச் சொன்னாய். என் கடை நடக்கவில்லை. அக்காவுடையது நடக்கிறது, வாரத்துக்கு ஆறு உருப்படி. அவ்வளவுதான்.

நேற்று அதிகாரி வந்தார். யாரையும் நடக்க வைக்கவில்லை. அதே குறிப்பேடு. ஒவ்வொரு ஷட்டராகப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தார். பதினேழாம் எண் முன்னால் நின்று என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அன்னைக்கு எல்லாம் தொறந்திருந்துச்சே?"

"அன்னைக்கு நாங்க பொய் சொன்னோம் சார்."

"இது இப்ப நெஜமாவே மூடினதா?"

ரசீதைக் காட்டினேன். வாங்கி, வெயிலில் பிடித்துப் படித்தார். பேனாவைத் திறந்தார்.

அப்போது ஒரு பெண் வந்தாள். இடது கால் செருப்பில் வார் அறுந்து, இழுத்து இழுத்து நடந்து வந்தாள். அவளை யாரும் அனுப்பவில்லை. மருமகளே, சத்தியமாக நான் அனுப்பவில்லை. பெயர்ப் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"அண்ணே, இங்க செருப்புக் கடை இருக்குமே? தொறப்பாங்களா?"

ஜனவரிக்குப் பிறகு என் கடையைத் தேடி ஒரு ஆள் தானாக வந்தது அதுதான் முதல் தடவை. அவள் காலுக்குச் சரியான ஒரு ஜோடி உள்ளே இருந்தது. பழுப்பு நிறம், தட்டையான அடி, நடக்கிறவளுக்கு ஏற்றது. சாவி என் சட்டைப் பையில். ஷட்டரை ஒரு முழம் தூக்கிக் கையை விட்டால் எடுத்துவிடலாம். அதிகாரி எழுதாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடையை எடுத்தாச்சும்மா" என்றேன்.

"அய்யோ, எப்போ?"

"ரெண்டு வாரமாச்சு."

"ரெண்டு வாரம் முந்தி அறுந்திருக்கக் கூடாதா இது" என்று சிரித்துக்கொண்டே செருப்பு இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். எனக்குப் பின்னால் அதிகாரி குறிப்பேட்டில் எழுதும் சத்தம் கேட்டது. அவள் வெறுங்காலோடு, தரை சுட, ஷட்டர் ஓரத்து நிழலாகப் பார்த்துக் கால் வைத்துக் கால் வைத்து முனை வரை போனாள். முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆறாம் நம்பர் கால். என் கண் தப்பாது.

மாமா